பெயரில்லாத ஓடை

"வாத்து ஆத்துப் பக்கமா வந்தியா?" என்று கேட்கிறாள் சுகிர்தம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வரிசையில் பெண்கள் சிரிக்கிறார்கள்.

"அங்க ஏதுக்கா வாத்து?"

"இல்லாட்டிப் போகுது. அப்பிடிச் சொன்னா வாய் வலிக்குமா?"

ஒரு மாரியில் மண் சரிந்து, எங்கள் லயத்து வீடுகளுக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவே புதிதாக இறங்கியது அந்த ஓடை. இன்னும் பெயரில்லை. இந்தத் தோட்டத்தில் ஓடைகளுக்கு யாரும் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்ததில்லை. எந்த ஓடை யாரை அடித்துக்கொண்டு போனதோ, அவர் பெயரே அதற்கு. பண்டாரம் ஆறு அப்படி வந்தது. காத்தாயி ஓடையும் அப்படித்தான். காத்தாயியின் மருமகன் இன்றைக்கும், "காத்தாயில குளிச்சிட்டு வர்றேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போகிறான்.

"பேரில்லாதது பசியோட கெடக்கும். நம்மளே வாத்துன்னு ஒரு பேரக் குடுத்துட்டா ஆளத் தேடாது" என்பாள் சுகிர்தம். மாதா கோயிலில் பங்குச் சுவாமியிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். இவள் விடவில்லை. கூரைத் தகரத்தில் மழை விழுந்தால், கொதிக்கிற பருப்பை இறக்கி வைத்துவிட்டு ஓடைச் சத்தத்தைக் கேட்பாள்.

பயமெல்லாம் மகள் டெல்சிக்காக. நல்லதண்ணி டவுனில் ஒரு கடையில் அவளுக்கு வேலை. மாலை பஸ்ஸில் வந்திறங்கி, ஓடையின் குறுக்கே கிடக்கும் இரண்டு மரங்களில் நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். மழை நாளில் சுகிர்தம் இக்கரையில் நின்று, அவள் வந்து சேரும்வரை "டெல்சி! டெல்சி!" என்று கத்திக்கொண்டே இருப்பாள்.

போன வாரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஜெயந்தினி பேச்சுவாக்கில் சொன்னாள்: "டெல்சி ஆத்துல தண்ணி ஏறிருச்சு. சுத்திப் போவோம்."

சுகிர்தத்தின் கூடை சரிந்து கொழுந்து கொட்டியது.

"என்னாடி சொன்ன?"

"எல்லாரும் அப்பிடித்தான்க்கா சொல்றாங்க. நீங்கதானே தெனமும் அங்க நின்னு அந்தப் பேரக் கத்துறீங்க?"

நேற்று மழை விடவேயில்லை. ஒரு மரம் நீருக்குள் போய்விட்டது. அக்கரையில் டெல்சி, செருப்பைக் கையில் பிடித்தபடி மற்ற மரத்தில் கால் வைக்கப் பார்த்தாள்.

"அம்மா, வரவா?"

சுகிர்தம் வாயைத் திறந்தாள். சட்டென்று முக்காட்டுத் துணியை உருவிச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். பிறகு, கோழியை விரட்டுவதுபோல, இரண்டு கைகளையும் வீசி வீசி மகளை ரோட்டுப் பக்கமாகத் துரத்தினாள்.