பிளாஸ்டிக் நாற்காலி மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏரியில் இறால் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஐப்பசி மாதத்தில், பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் என் மனைவியின் குப்பத்தில் நடந்தது இது.

நான் ஒரு சர்ச் விடுதியில் வளர்ந்தவன். அப்பா அம்மா யாரென்று தெரியாது. பொன்னேரிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினேன். மீன் கூடையோடு தினமும் என் வண்டியில் ஏறி, தினமும் என்னோடு சண்டை போட்ட பெண்ணையே காதலித்துக் கட்டிக்கொண்டு அவள் வீட்டிலேயே குடியேறினேன். அங்கே எல்லாரும் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் சர்ச்சுக்குக் கிளம்புவேன். அதற்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. மாமனார் எனக்குக் கொடுத்த மரியாதை! நான் வாசலில் கால் வைத்தால் போதும், "மாப்ள வந்துட்டாரு, சேரப் போடு" என்று குரல் கொடுப்பார். அந்த வீட்டில் இருந்ததே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாரும் தரையில் குந்திக்கொண்டு, ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் மீனைப் பிடுங்கிச் சிரித்துச் சாப்பிடுவார்கள். நான் மட்டும் ரிசப்ஷனுக்கு வந்தவன் மாதிரி மேலே உட்கார்ந்து, மடியில் தட்டோடு தவிப்பேன். இரண்டு வருஷம் விருந்தாளியாக இருந்து பாருங்கள், அந்தக் கொடுமை தெரியும்.

எங்கள் பாஸ்டர் அடிக்கடி ஒன்று சொல்வார். நாம் கடவுளின் வேலைக்காரர்கள் இல்லை, அவர் சுவிகாரம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள், அதனால் உரிமையோடு அப்பா என்று கூப்பிடலாம் என்பார். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வாயில் வராது. யாரையும் கூப்பிட்டுப் பழகாத வார்த்தை. நான் ஜெபம் செய்தால் தாலுகா ஆபீசில் மனு கொடுப்பது போல, ‘ஐயா, தாங்கள் பெரிய மனசு பண்ணி’ என்றுதான் ஆரம்பிப்பேன்.

சரி, ஏரிக்கு வருகிறேன். குப்பத்தில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. இன்றைக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு என்று ஊர் கூடிப் போட்ட வரிசை. அன்று காலை கரைக்குப் போனேன். முறைக்காரருக்கு வலை கிழிந்துவிட்டதாம், வரவில்லை. அருமையான இடம் சும்மா கிடந்தது. அவருக்கு அடுத்த முறை எங்கள் வீடு. மாமனாரோ காய்ச்சலில் படுத்திருந்தார்.

ஆட்டோ ஸ்டாண்டில் எங்கள் சட்டம் என்ன? முறை வண்டி வரவில்லையென்றால் அடுத்த வண்டி சவாரி ஏற்றலாம். அந்தச் சட்டம் ஏரியிலும் செல்லும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மாமனார் எழுந்ததும் அசந்துபோக வேண்டும் என்று ஆசை. வீச்சு வலையைத் தூக்கி மாமனார் படகில் போட்டுக்கொண்டு கழியை ஊன்றினேன். படகு ஒரே இடத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, போனால் போகிறதென்று கிளம்பியது. எனக்கு நீச்சல் தெரியாது. இடுப்பளவுத் தண்ணீர்தானே என்ற தைரியம்.

இறால் என்றால் இறால், அப்படி விழுந்தது! கூடை நிரம்பத் திரும்பி வந்தால், கரையில் ஊரே நிற்கிறது. என்னை வரவேற்கத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்து, பெரிய இறால் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டிக் கையாட்டினேன். ஒருவரும் திருப்பி ஆட்டவில்லை. என் மனைவி மட்டும் தலையில் அடித்துக்கொண்டாள்.

முறைக்காரர் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு அந்த இடம் அவருடையதுதானாம். அதில் வலை போடுவது அவர் வீட்டு அடுப்பில் கை வைப்பதற்குச் சமமாம். சாயங்காலம் வலைக் கொட்டகையில் ஊர் கூடியது. வெளியாள் வலை போட்டிருந்தால் அவன் குப்பத்தை விட்டே போக வேண்டும். வீட்டுப் பிள்ளை போட்டிருந்தால், அந்தப் பருவம் முழுக்க அந்த வீட்டுக்குப் பாடு கிடையாது. இறால் விழும் பருவத்தில் பாடு போனால் அடுப்பு எரிவதே கஷ்டம்.

மாமனார் காய்ச்சலோடு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். ஊர்ப் பெரியவர் கேட்டார்: "இவன் வெளியாளா, உன் வூட்டுப் புள்ளயா? நீயே சொல்லு."

என்னால் இந்த வீடு பட்டினி கிடப்பதா? நானே முந்திக்கொண்டு, "நான் வெளியாள்தாங்க, போயிடுறேன்" என்றேன்.

"வாய மூட்றா!" என்று ஒரு சத்தம். மாமனார்தான். நேற்று வரை வாங்க, போங்க என்றவர்.

பிறகு பெரியவர் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எம் புள்ளதான். புத்தி கெட்ட புள்ள, இன்னா பண்றது? எம் பாட்ட எடுத்துக்குங்க."

அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். ஏதாவது உருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கோயில் தெருமுனை தாண்டியதும் மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்து முறுக்கினார்.

"கய்தே! இன்னாடா நெனச்சினு எறங்குன? அது இன்னா உன் ஆட்டோ ஸ்டாண்டா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். காய்ச்சல்காரர் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! நான் ஓடினேன், துரத்தினார். அடுத்த அடி விழுந்தபோது என்னையறியாமல் கத்தினேன்: "நைனா! வுடு நைனா, வலிக்குது நைனா!"

என் மனைவி அவரைக் கூப்பிடும் வார்த்தை அது. என் வாயிலிருந்து வந்ததும் இரண்டு பேருமே அப்படியே நின்றுவிட்டோம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா, சோறு துன்னலாம்" என்று முன்னால் நடந்தார்.

அந்தப் பருவம் முழுக்க அவர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மற்றபடி எல்லாவற்றுக்கும் திட்டினார். படகு கழுவவில்லை என்று திட்டு, தூங்கினால் திட்டு. அதுவும் அந்தச் சிவப்பு நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு! நான் தரையில் உட்கார்ந்து, மச்சினியோடு மீன் தலைக்குச் சண்டை போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

சுவிகாரம் என்று பாஸ்டர் சொல்லும்போதெல்லாம் பிள்ளைக்குக் கிடைப்பதை மட்டுமே நான் நினைத்திருந்தேன். ஒருவனைப் பிள்ளை என்று ஊரறியச் சொல்வதற்கு அப்பா என்ன விலை கொடுக்கிறார் என்பதை, காய்ச்சலோடு தலைகுனிந்து நின்ற அந்த மனுஷனைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். இன்றும் கடவுளை அப்பா என்று கூப்பிடும்போது என் குரல் கொஞ்சம் உடையத்தான் செய்கிறது.