தொடக்கூடாத டப்பா

கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த முதல் வருடத்தில் என் மாமனார் என்னிடம் ஒரே ஒரு முறைதான் குரலை உயர்த்தினார். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. தட்டைத் துடைக்கலாம் என்று அதை எடுக்கக் கை நீட்டினேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே, "அத தொடாத" என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. வேகமாக உள்ளே வந்தவர் டப்பாவை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். சோற்று வாசனைக்கே குமட்டிக்கொண்டு வரும் மாதங்கள் அவை. அன்று குமட்டல்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

நான் கடலூர் முதுநகர்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் வீட்டார் குமராட்சிப் பக்கத்து விவசாயிகள். மாமனார் இளவயதிலேயே நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டுச் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடை போட்டவர். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு பக்கமும் முகம் சுளித்தார்கள். முதலில் சரி என்று சொன்னவர் மாமனார்தான். கோயிலில் தாலி கட்டியதற்கும் வந்தார், எங்கள் பங்குத் தேவாலயத்தில் நடந்த ஆசீர்வாதத்துக்கும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்த 'தொடாத' என்னை அவ்வளவு சுட்டது.

அதற்குப் பிறகு எல்லாமே என் கண்ணில் பட ஆரம்பித்தன. சாப்பிட்ட தட்டை அவரே கழுவினார். தன் துணியைத் தனியாக அலசினார். விடியலில் அவர் அறைக்குத் தண்ணீர் கொண்டுபோனால், "அத்தைய கொண்டாரச் சொல்லும்மா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டு சொம்பை வாங்கிக்கொண்டு போவார். கடையிலும் என்னவோ மாறியிருந்தது. எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டு. அங்கே பேசுவது இங்கே கேட்கும். அடுப்பிலிருந்து சாம்பார் இறங்கியதும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் வாளியை வெளியே அனுப்பாத மனிதர், இப்போது அதன் பக்கமே போவதில்லை. உப்பு ஒருநாள் ஏறியது, ஒருநாள் இறங்கியது. வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மார்கழிக் குளிரில்கூட அவர் கல்லாவில் உட்கார்ந்து திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டி, மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். குறிஞ்சிப்பாடியில் பள்ளி ஆசிரியரான என் கணவர் கேட்டதற்கு, நீர்க்கடுப்பு, அதற்குத்தான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கணவர் அதை நம்பினார். எனக்கு மட்டும் வேறொரு சந்தேகம் உள்ளே வளர்ந்துகொண்டே வந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். மாமனாரின் அக்கா, எனக்குப் பெரியம்மா முறை, பண்ருட்டியிலிருந்து மூட்டை முந்திரியோடு முன்னதாகவே வந்து தங்கியிருந்தார். என் அம்மா உறவுக்காரப் பெண்களோடு கடலூரிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்கினார். அக்கம்பக்கத்தார், கடையின் பழைய வாடிக்கைக்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. என் அம்மா எனக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அந்தப் பெரியம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. "தம்பி தன் தட்டக்கூட தானே கழுவிக்கிறான், பாத்தியா? வேதக்காரப் பொண்ணு கைபட்டா ஆவாதுன்னுதான். புள்ள கட்டிக்கினு வந்துட்டான், இனிமே என்னா பண்ண முடியும்?"

அம்மாவின் கையிலிருந்த வளையல் பாதி மணிக்கட்டில் நின்றது. "எழுந்திரும்மா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் எழவில்லை. தைரியத்தால் அல்ல. மாதக்கணக்காக நான் மென்று விழுங்கியதை வேறொருவர் சத்தமாகச் சொல்லிவிட்டார். பாதியில் நின்ற வளையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசல் பக்கம் நின்றிருந்த மாமனார் பெண்களுக்கு நடுவே வந்தார். அவர் பேசியதை இன்றுவரை நான் ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அக்கா சொல்றது தப்பு. எனக்குக் கேன்சர். ஆம்பளைங்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு, அதுல. ஹார்மோன அடைக்கிற மாத்தர சாப்புடறேன். புள்ளத்தாச்சிப் பொண்ணு அதக் கையால தொட்டா வயித்துல இருக்கற புள்ளைக்கு ஆவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் தொடாதன்னேன். தீட்டு அவகிட்ட இல்ல. ஆவாத சமாச்சாரம் என் டப்பாவுலதான் இருக்கு."

மாமியார் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். அதுவரை அந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். என் கணவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மாமனார் என் அம்மாவைப் பார்த்து, "சம்பந்திம்மா, மிச்ச வளையலப் போடுங்க" என்றார். அம்மா ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தார்.

ஏன் மறைத்தார் என்று கணவர் அன்று மாலை சண்டை போட்டார். கேன்சர்காரன் கடையில் எவன் இட்லி தின்பான் என்பது மாமனார் சொன்ன முதல் காரணம். இரண்டாவதை மகனிடம் மட்டும் தனியாகச் சொன்னாராம்: ஆண் என்று நினைக்க வைக்கிற சுரப்பையே நிறுத்தும் மாத்திரை என்று ஊரில் யாரிடம் போய்ச் சொல்வது? சொல்லிவிட்டுச் சிரித்தாராம். இப்போதுதான் ஊருக்கே சொல்லியாகிவிட்டதே.

வழக்கப்படி அம்மா என்னை அன்றே கடலூருக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உறவுக்காரப் பெண்கள் முகம் கோணினார்கள். கோணட்டும் என்று இருந்தேன். அன்று மாமனாரிடம் மாத்திரையின் விதிகளைக் கேட்டேன்; பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆன வெறும் வயிற்றில் தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. போட்ட பிறகு ஒரு மணி நேரம் எதுவும் வாயில் படக்கூடாது. சோற்றோடு சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிவிடும். கூடவே ஒரு சின்ன மாத்திரை, அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதைத் தானாக நிறுத்தவே கூடாது. நாள் முழுக்க எதையாவது ருசி பார்க்கிற தொழிலில் அவருக்கு வெறும் வயிறு கிடைப்பது விடியலில்தான். அதுவே சாம்பார் இறங்கும் நேரம். உப்பு ஏன் கெட்டது என்று அப்போது புரிந்தது. தட்டையும் துணியையும் பற்றி மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை; பயத்தில் அவராகச் சேர்த்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து சாம்பாருக்கு நான் உப்புப் பார்த்தேன். மாமியாருக்கு ரத்த அழுத்தம், உப்பில்லாமல் சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கு மரத்துவிட்டது. நான் ஏழு மாத வயிற்றோடு அடுப்பங்கரையில் நின்று, "கொஞ்சம் போடலாம் மாமா" என்பேன். அவர் எட்ட நின்று வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தலையாட்டுவார்.

கூட்டம் குறைந்தது உண்மை. இருமினால் தொற்றிக்கொள்ளும் நோய் என்று நினைத்தவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒரு பழைய வாடிக்கைக்காரர் கல்லாவில் நின்று, வீட்டில் ஓய்வெடுக்கக் கூடாதா என்று அக்கறையாகக் கேட்டார். ஓய்வெடுக்கச் சொல்லவில்லை, நடக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றார் மாமனார். வியர்க்கும்போது யாராவது உற்றுப் பார்த்தால், கேட்காமலே, "மாத்தர வேல செய்யுது" என்பார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வராதவர்களைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

பண்ருட்டிப் பெரியம்மா என்னிடம் மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு பாட்டில் கஷாயத்தோடு வந்தார். கேன்சருக்கு இதுதான் கண்கண்ட மருந்து, அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டாம், உடம்பை ஊதவைக்கும், அதை நிறுத்து என்றார். மாமனார் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டாரே தவிரக் குடிக்கவில்லை. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போய் மருத்துவரின் மேசைமேல் வைத்தார். மாத்திரையே கல்லீரலைப் பாதிக்கக்கூடியது, மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்ப்பதே அதற்குத்தான், இதையும் சேர்த்தால் எதனால் என்ன கெடுகிறது என்றே தெரியாது என்றார் மருத்துவர். சின்ன மாத்திரையை விட்டால் பெரிய மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியம் என்ற சத்தை இறக்கி, இதயத்தைப் படபடக்க வைக்கும் என்றும் சொன்னார். மாமனார் வீடு திரும்பியதும் அக்காவுக்குப் போன் போட்டு இவ்வளவையும் அப்படியே சொன்னார். அந்தப் பெரியம்மா அதன் பிறகு வரும்போதெல்லாம் முதல் வேலையாகத் தம்பியின் கணுக்காலை அழுத்தி, வீக்கம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

என் மகள் பிறந்தாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். கடை இன்னும் நடக்கிறது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கேன்சரைக் காட்டும் எண் மறுபடி ஏறியிருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். மருத்துவர் அறிக்கையைப் படித்துவிட்டு எழுந்து என்னைப் பார்த்துக் கண்ணால் வெளியே வரச் சொன்னார். நான் எழுவதற்குள் மாமனார் சொன்னார்:

"இங்கயே சொல்லுங்க டாக்டர். மாத்தர முழுங்கறவன் நானு."

மருத்துவர் உட்கார்ந்தார். இந்த மாத்திரை இனிமேல் அவ்வளவாக வேலை செய்யாது, வேறு மாத்திரை மாற்ற வேண்டும், அதுவும் எத்தனை நாள் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது என்றார். மாமனார், அதை எப்போது போட வேண்டும், எதோடு போடக்கூடாது, வீட்டில் யார் தொடக்கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

திரும்பும்போது கடலூரில் பேருந்து மாறினோம். சிதம்பரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் பண்ருட்டிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் காது மந்தம்.

"அக்கா, பழைய மாத்தர தோத்துப்போச்சு. புதுசு குடுத்திருக்காங்க. ஆமாம், கேன்சருக்குத்தான். நான் நல்லாத்தான் இருக்கேன்."

முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.