நான் இருக்காத விரதம்

போன வருடம், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில், கொல்லிமலை குண்டூர் நாட்டில் ஒரு மிளகுத் தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தது இது.

நான் கபடி ஆட்டக்காரன். ஊர்த் திருவிழாக் கபடி இல்லை. ஏலத்தில் எடுத்து, ஒப்பந்தம் போட்டு, டி.வி.யில் காட்டுகிற கபடி. பாடி வருகிறவனின் காலைப் பிடிக்கும் லெஃப்ட் கார்னர் ஆள். அதற்கு முந்தைய சீசனில் முழங்கால் பிசகிப் பாதியிலேயே வெளியே உட்கார்ந்துவிட்டேன். அடுத்த முகாமில் கால் தேறியதைக் காட்டினால்தான் அணியில் இருக்கலாம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். முப்பதை நெருங்கும் ஆட்டக்காரனை, அதுவும் முழங்கால் போனவனை, வேறு எந்த அணி கூப்பிடப் போகிறது?

என் அறைத்தோழனும் லெஃப்ட் கார்னர்தான். இருப்பது ஒரே இடம். அவன்தான், "எங்க ஊட்டுக்கு வா மாப்ள. மலைல ஏறி எறங்குனா காலு உறுதியாயிரும். எங்கம்மா கெழங்கு சூப்பு வெச்சுத் தரும்" என்று கூப்பிட்டான். வேறு வழியில்லாமல் கிளம்பினேன். ஆனால் அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதிலிருந்தே எனக்கு ஒரே உறுத்தல். என் கால் தேறினால் இவனுக்கு நஷ்டம்தானே? அப்புறம் எதற்கு இவ்வளவு அக்கறை?

எங்கள் தொழிலில் சந்தேகம் கெட்ட குணம் இல்லை, பழக்கம். ஊக்கமருந்துச் சோதனைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. தண்ணீர் பாட்டிலை நாமே திறந்திருக்க வேண்டும். அதைக் கொஞ்ச நேரம் கண்ணை விட்டு விலக்கினால், அப்புறம் தொடக் கூடாது. உடம்பில் ஏதாவது கிடைத்துவிட்டால் "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்பவே முடியாது. கூட ஆடுகிறவனே ஜூஸில் எதையோ கலந்துவிட்டான் என்ற கதைகளும் எங்களுக்குள் உலவும். உண்மையோ பொய்யோ, கேட்டபிறகு ஒரு காபியைக்கூட நிம்மதியாகக் குடிக்க முடிவதில்லை.

போய்ச் சேர்ந்த அன்றே அவன் அம்மா முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கொண்டுவந்தார். பாறையில் முளைக்கிற, ஆட்டுக்கால் போல ரோமம் படர்ந்த கிழங்கு; மூட்டுவலிக்கு அங்கே எல்லோரும் குடிப்பது. மிளகு வாசனை தூக்கியது. அதில் மிளகு மட்டும்தானா? அவர் உள்ளே போய்விடுவார் என்று கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்து பார்த்தேன். அந்த அம்மாவும் நகராமல் பயபக்தியோடு நின்றார். ஆமென் சொன்ன பிறகு, வயிறு சரியில்லை என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன். சோறும் வேண்டாம் என்றேன். வாழைப்பழத்தை மட்டும் என் கையால் உரித்துச் சாப்பிட்டேன்.

மறுநாளும் இதே கதைதான். சாயங்காலம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க கண்ணு, உங்க சாமிக்கு இது நோம்பு மாசம்னு பையன் சொன்னான். மாலை போட்டவங்களாட்டம் அடுத்தவங்க கை பட்டதைத் திங்கக் கூடாதுங்களா?"

இதைவிட வசதியான காரணம் எனக்கு எங்கே கிடைக்கும்? "ஆமாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அந்த லெந்து நாட்களில் நான் விட்டது டீ மட்டும்தான். அதையும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

அவ்வளவுதான், மறுநாள் காலையில் வாசல் ஓரம் மூன்று கல் வைத்து எனக்கென்று தனி அடுப்பு வந்துவிட்டது. புதுச் சட்டி, புது அகப்பை. என்னைப் பாறைப் பக்கம் கூட்டிப்போய், கிழங்கு எங்கே இருக்கிறது என்று தள்ளி நின்றே கை காட்டினார். நானே பெயர்த்தேன், நானே சீவி இடித்தேன், நானே கொதிக்கவைத்துக் குடித்தேன். சாமைச் சோறும் என் கையாலேயே பொங்கிக்கொண்டேன். என் சட்டியை யாரும் தொட்டுவிடாமல் அந்த அம்மா பார்த்துக்கொண்டார். கோழி கிட்டே வந்தால்கூட விரட்டினார். தோழன் எல்லாவற்றையும் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பிரதர் பைக்கில் மலையேறி வந்தார். மலைக்குக் கீழே உடற்பயிற்சிக் கூடம் நடத்துபவர். என் முழங்காலில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார். போகும்போது ஒரு சத்துமாவு டப்பாவைக் கொடுத்தார். "ஜெபம் பண்ணிக் கொண்டாந்திருக்கேன் பிரதர். கர்த்தரே உங்களுக்கு அனுப்பினதுன்னு நெனச்சுக் குடிங்க."

டப்பாவின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த தாளும் பாதி கிழிந்திருந்தது. சூப் டம்ளரை முறைத்துப் பார்த்த எனக்கு அப்போது ஒரு கேள்வியும் எழவில்லை. நம்ம ஆள், ஜெபிக்கிற ஆள். விடிந்ததும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி வாயருகே கொண்டுபோனேன்.

"அது வேண்டாமுங்க கண்ணு" என்று அந்த அம்மா எதிரே வந்து நின்றார். "மூடி தெறந்து கெடக்குது. எத்தனை கை பட்டுச்சோ. இத்தனை நாள் காப்பாத்துன நோம்பு கெட்டுப்போயிருமுங்க."

"கொடுத்தவர் எங்க சபை ஆளுதானுங்கம்மா. தப்பில்லை."

"உங்க ஆளுன்னாலும் கை கைதானுங்களே. எங்க ஊட்டுல இருக்கறப்ப நோம்பு முறிஞ்சா உங்க சாமிகிட்ட எங்களுக்கில்லீங்களா கெட்ட பேரு?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மகனுக்கு வழிவிட, எனக்குத் தெம்பு வராமல் தடுக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். ஆனால் விரதம் என்று சொன்னவன் நான்தானே, என்ன சொல்லி மறுப்பது? கலக்கியதை மிளகுக் கொடியடியில் கொட்டினேன். கிளம்பும் வரை அந்த டப்பாவைத் தொட அவர் விடவில்லை.

முகாமில் சோதனைக்கு அழைத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதே பிரதரிடம் பயிற்சி எடுத்து, அதே மாவைக் குடித்த இன்னொரு ஆட்டக்காரன் மாட்டிக்கொண்டான். தடை போட்டுவிட்டார்கள். அவன் ஆட்டவாழ்க்கை அதோடு முடிந்தது. மாவில் என்ன கலந்திருந்தது என்று தனக்குத் தெரியவே தெரியாது என்று பிரதர் சபையில் முழங்காலிட்டு அழுதார். நம்புகிறேன். நம்பத்தான் பார்க்கிறேன்.

என் கால் முகாமில் தாங்கியது. லெஃப்ட் கார்னர் இடம் தோழனுக்கே போனது. என்னை மாற்று ஆட்டக்காரனாக வைத்துக்கொண்டார்கள். அன்று அவனிடம் விரதக் கதையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவன் சிரித்தான்.

"நீ நோம்பு இல்லைன்னு எனக்கு மொதல்லயே தெரியும் மாப்ள. அம்மாகிட்ட சொல்லலை. சொல்லியிருந்தா அது மனசு ஒடைஞ்சிருக்கும், நீயும் பட்டினியாக் கெடந்திருப்பே."

கர்த்தர் எனக்குச் செய்ததை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லச் சொல்லிச் சபையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னைக் காத்தது கர்த்தர்தான் என்பதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை, ஆனால் காப்பதற்கு அவர் நம்பி அனுப்பியது நான் கடைசி வரை நம்பாத ஒரு தாயை என்று எழுந்து சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.