வெடி என்ற சொல்

நான் செய்த ஆகப் பெரிய பிழை ஒரு குண்டூசி குத்தியதுதான். கண்டிக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், தமிழ்த் தட்டச்சு வேலைக்கு நான் சேர்ந்து இரண்டு வருடங்கூட ஆகவில்லை. மேசையில் இரண்டு தாள்கள் கிடந்தன. ஒன்று, விமான விபத்தைக் கண்ணால் கண்ட ஒரு தோட்டத்து லொறிச் சாரதி தமிழில் கொடுத்த வாக்குமூலம். மற்றது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. இரண்டையும் ஒத்துப் பார்த்து, மூலையில் குண்டூசி குத்தி, கொழும்புக்குப் போகும் தட்டில் வைக்க வேண்டும். ஒத்துப் பார்த்தேன். ஒரு வரி ஒத்துவரவில்லை. வாயைத் திறக்காமல் குண்டூசியைக் குத்தித் தட்டில் வைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன்.

அந்த ஆங்கிலத்தை எழுதியவர் எங்கள் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தவர். வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, காலை எட்டரைக்குக் கந்தோருக்குள் நுழைவார். மூன்று மொழியிலும் முத்து முத்தாக எழுதுவார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அவருடைய ஊர்க்காரர் பலர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு வடக்கே போய்விட்டார்கள். இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “இஞ்சை வேலை கிடக்குதெல்லோ” என்பார், அவ்வளவுதான். என்னைப் ‘பிள்ளை’ என்று கூப்பிடுவார். நகரசபைத் துப்புரவுத் தொழிலாளரின் வரிசை வீடுகள் உள்ள மஹய்யாவையில் இருந்து வந்த பெண் என்று கந்தோரில் சிலர் என்னோடு தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இவர் அதையெல்லாம் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். தன் பிளாஸ்கைத் திறந்தால் இரண்டு கோப்பையில் ஊற்றுவார்.

அந்த நாளில் கண்டிக்குக் கிழக்கே, தெல்தெனியப் பக்கமாக, சிறிய விமானங்கள் இறங்கி ஏறுகிற ஒரு ஓடுபாதை இருந்தது. சுற்றிவர மலை. மத்தியானத்துக்குப் பிறகு எந்த நேரம் முகில் இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு விமானம், இறங்கும்போது குறுக்கே எருமை வந்ததால், வயலுக்குள் பாய்ந்து மூக்கு உடைந்து நின்றது. இன்னொன்று முகிலுக்குள் திசை தவறித் தேயிலைச் சரிவில் மோதியது. ஒவ்வொரு தடவையும் காரணம் கண்டுபிடிக்கக் கொழும்பில் இருந்து அதிகாரிகள் வருவார்கள். பார்த்த சனங்களில் பாதிப்பேர் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், வாக்குமூலத்தை மொழிபெயர்க்கிற வேலை இவருக்கு வரும். அதை அவர் எடுத்துச் செய்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அக்குறணை முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், “ஓட்டினவரு அந்த எடத்துலயே மௌத்து” என்று சொன்னபோது, அது தன் ஊர்ச் சொல் இல்லை என்பதால், “மௌத்து எண்டால் இறந்திட்டார் எண்டுதானே?” என்று கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் எழுதினார். விபத்துக்குக் காரணம் தேடுகிறவன், பார்த்தவன் சொன்ன சொல்லை நம்பித்தான் தேடப் போகிறான், நாம் ஒரு சொல்லை மாற்றினால் அவன் வேறு மலையில் போய்த் தேடுவான் என்பார்.

அப்படிப்பட்ட மனிதர் எப்படிச் சறுக்கினார்? தெரியாத சொல்லைத்தான் அவர் கேட்பார். தெரிந்த சொல்லை யார்தான் கேட்பார்கள்?

மூன்றாவது விபத்தில் விழுந்தது, மலைகளைப் படம் எடுத்து வரைபடம் தயாரிக்கப் பறந்துகொண்டிருந்த ஒரு சின்ன விமானம். ஓட்டியவரும் படம் எடுத்தவரும் இறந்துபோனார்கள். போர் உச்சத்தில் இருந்த காலம். விழுந்த அன்றைக்கே, யாரோ மலையில் இருந்து சுட்டு விழுத்திவிட்டார்கள் என்று சந்தை முழுக்கக் கதை. அந்த நேரம் தோட்டத்து வளைவில் லொறியை நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர்தான் எங்கள் சாரதி. இரண்டு நாள் கழித்துக் கச்சேரிக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பார்த்ததைச் சொன்னார். அதில் ஒரு வரி இது: “மொதல்ல மூணு நாலு வெடி போட்டுச்சுங்க. அப்புறமாதான் பிளேன் கீழ எறங்குச்சு.”

எங்கள் மொழிபெயர்ப்பாளர் அதை, மூன்று நான்கு துப்பாக்கி வெடிகள் கேட்டன, அதன் பிறகே விமானம் கீழே வந்தது என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவருடைய ஊரில் வெடி என்றால் துவக்கு வெடிதான். அந்த வருடங்களில் வேறு எந்த வெடியை அங்கே கேட்டார்கள்? ஆனால் எங்கள் வீட்டில் அது அன்றாடம் புழங்கிய சொல். அப்பா கராஜில் மெக்கானிக். பெற்றோலில் தண்ணீர் கலந்தால், அது சரியாக எரிய மாட்டாமல் இஞ்சின் பட் பட் என்று சத்தம் போடும். “வண்டி வெடி போடுது” என்பார் அப்பா. சாரதி சொன்னது அதைத்தான். வெடி போட்டது விமானத்தின் இஞ்சின். மனிதர் விபத்தின் காரணத்தையே கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வாசித்த அந்த நிமிடமே எனக்கு இது விளங்கிவிட்டது. பிறகு ஏன் சொல்லவில்லை? பயம். மூன்று மொழி படித்தவருக்கு நான் போய்ப் பிழை திருத்துவதா என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கலவரத்தின்போது எங்கள் வரிசையில் எரிந்த வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. விமானம் சுடப்பட்டதா இல்லையா என்கிற வழக்கில், சுடப்படவில்லை என்று சொல்கிற தமிழ்ப் பெண்ணாக என் பெயர் ஏறினால் என்ன ஆகும்? கொழும்பில் யாராவது தமிழ்த் தாளையும் வாசித்துத் திருத்திவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தமிழ்த் தாளை அங்கே யார் வாசித்தார்கள்?

தாள்கள் போய்ச் சேர்ந்த அன்றே சாரதியை விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். சுட்டது யார், எந்தப் பக்கமிருந்து சுட்டார்கள் என்று கேட்டார்கள். யாரும் சுடவில்லை என்று அவர் நல்ல சிங்களத்திலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் வெடிச் சத்தம் கேட்டதாக அவரே கையெழுத்து வைத்த வாக்குமூலம் அல்லவா மேசையில் இருக்கிறது. இல்லை என்று சொல்லச் சொல்ல, பேச்சை மாற்றுகிறான், ஆளை மறைக்கிறான் என்று பிடி இறுகியது. பிடித்துப் போன செய்தி மறுநாளே கந்தோருக்கு வந்தது. எங்கள் மொழிபெயர்ப்பாளர், “பாவம், அந்த மனுசன் கண்டதைத்தானே சொன்னவர்” என்று வருத்தப்பட்டார். நான் குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் காலையில் சாரதியின் மனைவி வந்தார். கணவரின் லைசென்ஸை ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். நல்ல மனிதர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி என்று நினைத்தார் போல. என்னிடம், “வெடின்னா லொறி வெடி தானேம்மா? அதுக்கு ஏன் எங்க வீட்டுக்காரர புடிச்சாங்க?” என்று கேட்டார். அழவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து மொழிபெயர்ப்பாளரின் மேசைக்குப் போய், “சேர், அது துப்பாக்கி இல்லங்க. பெற்றோல்ல தண்ணி போனா இஞ்சின் வெடி போடும். எங்க ஆளுங்க அப்படித்தான் சொல்லுவாங்க” என்றேன். முதல் நாளே தெரியும் என்பதையும் சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அவர், “இதை இன்னொருக்காச் சொல்லு பிள்ளை” என்றார். சொன்னேன். உடனே எழுந்து, என்னையும் கூட்டிக்கொண்டு, அப்பாவின் கராஜுக்கு நடந்தார். என் பேச்சை நம்பாமல் இல்லை. ஒருவரையும் கேட்காமல் எழுதியதில்தானே இவ்வளவும் வந்தது. மூன்று மெக்கானிக்மாரைத் தனித்தனியாகக் கேட்டார். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். அப்பா ஒரு பழைய லொறியின் பெற்றோலில் கொஞ்சம் தண்ணீரை விட்டு இஞ்சினை முடுக்கினார். பட், பட், படார். எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர் பலகையை இழுத்துச் சாத்திவிட்டார். தெருவில் போன இரண்டு பேர் மதிலோடு குந்திவிட்டார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மொழிபெயர்ப்பாளர் சிரிக்கவில்லை. “துவக்கு வெடி மாதிரித்தான் இருக்குது. அவர் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். நான்தான் விளங்காமல் எழுதிப்போட்டன்” என்றார்.

அன்று மத்தியானம் கந்தோரில் இருந்த அவருடைய நண்பர் ஒருவர் அவரைத் தடுக்கப் பார்த்தார். “நீயும் தமிழன், அவனும் தமிழன். காப்பாத்தத்தான் மாத்துறாய் எண்டு உன்னையும் பிடிப்பாங்கள். பேசாமல் இரு” என்று அந்த நண்பர் சொன்னது எனக்கும் கேட்டது. இவர் பேனையைக் கீழே வைக்காமலே, “நான் எழுதினது பிழை. பிழையெண்டு எழுதத்தானே வேணும்” என்றார். மூன்று மொழியிலும் எழுதினார். மறுநாள் காலை ரயிலில் தானே கொண்டு போனார். கொழும்பில் அவரை ஒரு பகல் முழுக்க இருத்தி வைத்துக் கேட்டார்கள். யார் வந்து உன்னைச் சந்தித்தது, யார் சொல்லித் திருத்துகிறாய், இவ்வளவு நாள் கழித்து எப்படித் திடீரென்று தெரிந்தது? “நானே திரும்ப வாசிச்சன், நானே கண்டுபிடிச்சன்” என்று ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். என் பெயர், அப்பாவின் பெயர், கராஜ், எதுவுமே அவர் வாயில் இருந்து வரவில்லை. சொல்லுக்குச் சொல் உண்மை பார்க்கிற மனிதர் சொன்ன ஒரே பொய் எனக்குத் தெரிந்து அதுதான். அது எனக்காகச் சொன்ன பொய்.

விபத்தை ஆராய்ந்த சிங்கள இஞ்சினியர் ஒருவருக்கு, உடைந்த விமானத்தில் ஒரு ஓட்டைகூட இல்லையே என்று ஏற்கனவே சந்தேகம் இருந்ததாம். திருத்திய தாளை வாசித்ததும் பெற்றோல் வடிகட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே தண்ணீரும் துருவும். ஓடுபாதை ஓரத்தில், மழையில் கிடந்த பெற்றோல் பீப்பாய்களில் இருந்து போன தண்ணீர். சாரதியை விட்டார்கள். ஆனால் விசாரணையில் விழுந்த அடியில், அவருடைய இடது கால் போகும்போது இருந்த மாதிரித் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவர் லொறி ஓட்டவே இல்லை.

எங்கள் மொழிபெயர்ப்பாளருக்கு வரவிருந்த பதவி உயர்வு, கவனக் குறைவு என்ற குறிப்போடு நின்றுபோனது. சில மாதத்தில் அவரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்று எனக்கு வழக்கம்போலத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஒன்பது நாளைப் பற்றி அன்றும் ஒரு சொல் கேட்கவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும், மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். “போயிட்டு வாங்க சேர்” என்றேன், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் யாழ்ப்பாணத்தில் காலமானார் என்று செய்தி வந்தது. எனக்கு இப்போது ஓய்வூதியம். இரண்டு நாள் கழித்துத் தெல்தெனிய பஸ்ஸில் ஏறி, கேட்டுக் கேட்டுச் சாரதியின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மகளோடு இருக்கிறார். வாசலில் கதிரையில், இடது காலை ஒரு பலகையின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தக் கந்தோரில் வேலை செய்தவள் என்று சொல்லி, செய்தியைச் சொன்னேன். “யாழ்ப்பாணத்து ஐயாவா? அவரு எழுதுன எழுத்தாலதாம்மா எனக்கு இந்தக் காலு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. முப்பது வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம் அது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

அவர் தெரியாமல் எழுதினார், தெரிந்ததும் கடகடவென்று எல்லாவற்றையும் செய்தார், வேலையைப் பணயம் வைத்துக் கொழும்புக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, “எனக்கு மொத நாளே தெரியுங்க. ஒம்பது நாளு நான்தான் சொல்லாம இருந்தேன்” என்றும் சொன்னேன்.

சாரதி பலகையில் இருந்த காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தார். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“அந்த ஐயா, தெரிஞ்ச மறுநாளே போனாரா?”

“ஆமாங்க. காலைல மொத ரயில்லயே.”

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவு காலமும் ஒரு நல்ல மனிதரைத் திட்டிவிட்டேனே என்றார். பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

“மொத மூணு நாளு என்மேல யாருமே கை வைக்கலம்மா.”