நகாசியில் கையைத் தூக்கி நின்றேன்

இன்று காலை எங்கள் ஊர் நகாசியில், கடைகளுக்கு எதிரே ரோடு தாண்ட நின்றேன். வெள்ளைக் கோடு அழிந்தே போய்விட்டது. கையைத் தூக்கிப் பார்த்தேன், ஒரு வண்டியும் நிற்கவில்லை.

போன மாதம் எங்கள் சித்தப்பா சைக்கிளோடு அடிபட்டுச் செத்தது இங்கேதான். இந்தத் தீவு நாட்டில் நடந்த ஒவ்வொரு ராணுவப் புரட்சியின்போதும் சொந்தக்காரர்கள் ஆக்லாந்துக்குக் கூப்பிட்டும் போகாத மனுஷன்.

கடைசியில் நின்றது அடுத்த வீட்டு செல்லப்பன் அண்ணன் கார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு ஆக்லாந்து போகிறார்.

“ஏறு தங்கச்சி, அந்தப் பக்கம் விட்டுடறேன். அங்க சைக்கிளுக்குன்னே தனி ரோடு இருக்காம். எனக்கு இனிமே காரே வேணாம்.”

“இத யாருக்கு வித்தீங்க?”

“உன் சித்தப்பா மவனுக்குத்தான். அவன் சைக்கிளத் தொடவே மாட்டேங்கிறான்.”

நகாசியில் இன்னும் நடக்கிறவர்கள் மிச்சமிருந்தால் கையைத் தூக்குங்கள். கார்க்காரர்கள் நிறுத்தப்போவதில்லை, நாமாவது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வோம்.