வருகிறேன் என்று சொன்னது

அமெரிக்காவில் பிளசன்டன் என்ற ஊரில், என் பழைய டீம் லீட்டின் வீட்டு வரவேற்பறையில் அந்தப் படத்தை இப்போது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில், கேமராவை அவ்வளவாக நம்பாத பார்வையோடு ஓர் அம்மா. இடது கன்னத்திலிருந்து வலது காதுவரை முகத்தின் குறுக்கே ஒரு மடிப்பு ஓடுகிறது. இந்தக் காலத்தில் அதைக் கணினியில் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடலாம். லீட்டின் மகன் எத்தனையோ முறை கேட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, அவர் தேநீர் போட உள்ளே போன நேரம் பார்த்து, நான் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அந்த மடிப்பு விழுந்தது என்னால்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ரவுண்ட் ராக் என்ற வேறோர் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். அவர் அங்கே எங்கள் லீட், சீனாவிலிருந்து வந்த பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் freeway-யில் கார் ஓட்டுவது என்றாலே எனக்குப் பயம். ஆறு மாதம் தினமும் என் அபார்ட்மென்ட் வாசலில் வந்து நின்று என்னை ஏற்றிக்கொண்டு போனவர் அவர். அந்த வருடம் விடுமுறைக்குக் கோயம்புத்தூர் போகிற வழியில் சீனப் பெருஞ்சுவரைப் பார்த்துவிட வேண்டும் என்று என் கணவருக்கு ஓர் ஆசை. விஷயத்தைச் சொன்னதும் லீட் தன் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: "எங்க ஊர் ஷென்யாங்குக்கு யாரும் டூரிஸ்ட்டா போறதில்ல. ஃபேக்டரியும் புகையும்தான் இருக்கு. ஆனா எங்க அப்பாவ ஒரு தடவ பாத்துட்டு வர்றீங்களா?" அவருடைய green card விண்ணப்பம் அப்போது நிலுவையில் இருந்தது. நடுவில் நாட்டைவிட்டுப் போனால் சிக்கலாகும் என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார். அப்பாவைப் பார்த்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அம்மாவின் சாவுக்கும் போகவில்லை. அம்மாவின் படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

டாக்சிக்காரரிடம் காட்டுவதற்காகச் சீன எழுத்தில் விலாசம் எழுதிக் கொடுத்திருந்தார். பெய்ஜிங்கிலிருந்து ரயில் ஊரை நெருங்கும்போதே வரிசை வரிசையாகப் புகைபோக்கிகள். அவற்றில் பாதியில் புகை இல்லை. அவருடைய அப்பா இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலைக் குடியிருப்பில் நான்காவது மாடி. படிக்கட்டு முழுக்கக் குளிர்காலத்துக்கென்று முட்டைக்கோஸை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த வாடையும் கரிப்புகையும் சேர்ந்து எனக்குக் குமட்டியது. அப்பா கோட்டு போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். மொழிபெயர்க்கக் கீழ்வீட்டு ஆங்கில வாத்தியாரை வரவழைத்திருந்தார். மேசையில் ஆவி பறக்கப் பன்றிக்கறி வைத்த கொழுக்கட்டை. நான் சைவம். அதைச் சொல்லாமல் கிண்ணத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். என் கணவர்தான் விளக்கினார். பெரியவர் முகம் சிவந்துபோய், வாத்தியாரிடம் திரும்பத் திரும்ப எதையோ சொன்னார். மன்னிப்புக் கேட்கிறார் என்று வாத்தியார் சொன்னார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

ஒரு மணி நேரம் இருந்திருப்போம். மகள் கார் ஓட்டுகிறாளா, அங்கே குளிருமா, ஒல்லியாகிவிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று கைகூப்பி, "ஓகே அங்கிள், ஐ வில் கம்" என்றேன். எங்கள் ஊரில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். சின்ன வயதில் வாய்தவறிச் சொல்லிவிட்டால், "வர்றேன்னு சொல்லுடி" என்று அம்மா வாசலிலேயே நிறுத்தித் திருத்துவார். அமெரிக்கா வந்தும் என் நாக்கு மாறவில்லை. ஆங்கிலத்திலும் வந்துகொண்டேதான் இருந்தேன். வாத்தியார் அதை மொழிபெயர்த்ததும் பெரியவர் முகம் பளிச்சென்று ஆனது. அவர் ஏதோ கேட்க, வாத்தியார் என்னிடம், "டுமாரோ?" என்றார். ஊரைவிட்டு எப்போது கிளம்புகிறோம் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டேன். "யெஸ் யெஸ், டுமாரோ" என்று தலையாட்டினேன்.

மறுநாள் மாலைதான் எங்கள் ரயில். காலையில் பழைய அரண்மனையைப் பார்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம், பதினொரு மணிக்கு ஹோட்டல் லாபிக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தோம்.

"டைம் இருக்கே. அந்த அங்கிள இன்னொரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?" என்றார் என் கணவர்.

"வேண்டாங்க. திரும்ப அந்தப் படியேற என்னால ஆகாது" என்றேன். விலாசச் சீட்டு என் கைப்பையில்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், லீட் என் மேசைக்கு வந்தார். அதற்குள் ஊருக்குப் போன் பேசியிருந்தார். அப்பா மறுநாளும் எங்களுக்காகக் காத்திருந்தாராம். யார் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, புதுச் சட்டி வாங்கி, கோஸும் காளானும் மட்டும் வைத்துக் கொழுக்கட்டை பிடித்தாராம். குடியிருப்பு வாசலில் குளிரில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாராம். வீட்டில் இருந்த ஒரே ஒரு அம்மா படத்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறார். அது அன்று காலையில்தான் கைக்குக் கிடைத்ததாம். நாளைக்கு வருகிறேன் என்று நானே சொல்லிவிட்டதால், மகளுக்குக் கொடுத்தனுப்ப வைத்திருந்தார். எந்த ஹோட்டல் என்று தெரியாததால் தேடி வரவும் முடியவில்லை. "ரயில் சீக்கிரமே கிளம்பிடுச்சோ?" என்று லீட் கேட்டார். நான் தப்பித்துக்கொள்ள அவரே ஒரு பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஆமாம்" என்றேன்.

இரண்டு வாரம் கழித்துப் படம் தபாலில் வந்தது. வழியில் எங்கேயோ உறையை இரண்டாக மடித்துவிட்டார்கள். லீட் அதைப் புத்தகத்துக்கடியில் வைத்து நீவிப் பார்த்துவிட்டு, அப்படியே தன் மேசையைச் சுற்றிய தடுப்புச் சுவரில் குத்தி வைத்தார். மூன்று வருடம் அதைத் தாண்டித்தான் நான் காபி எடுக்கப் போக வேண்டியிருந்தது. இதற்கிடையில் அவருடைய அப்பாவும் போய்விட்டார். green card அதற்கு நான்கு மாதம் பிந்தி வந்தது. இங்கே லீட்டுக்குத் தெரிந்தவர்களில் அந்த மனிதரைக் கடைசியாகப் பார்த்தவள் நான்தான். "அப்பா எப்படி இருந்தார், சொல்லுங்க" என்று லீட் கேட்பார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

2001இல் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது லீட்டின் பெயரும் பட்டியலில் இருந்தது. கடைசி நாள் அவர் படத்தை எடுத்து அட்டைப்பெட்டியில் வைக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. ரயில் சீக்கிரம் கிளம்பவில்லை என்று சொன்னேன். எங்கள் மொழியில் போகும்போது வருகிறேன் என்றுதான் சொல்வோம், அதைத்தான் உங்கள் அப்பாவிடம் சொன்னேன், வாத்தியார் "டுமாரோ?" என்றதற்கும் புரியாமல் தலையாட்டிவிட்டேன் என்றேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "மூணு வருஷமா, உங்களுக்கு எங்க வீடு பிடிக்கலன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதுகொண்டே சிரித்தார். என்னைக் கட்டிக்கொண்டார்.

என் கணவர் லாபியில் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன் என்பதை அப்போதும் சொல்லவில்லை. பழியை ஒரு சொல்லின்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொண்டேன். அவர் மன்னித்தது நான் செய்யாத தப்பை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அது கொஞ்சமும் குறையவில்லை.

சென்ற மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் பிளசன்டன் போனேன். தேநீரோடு ஒரு தட்டையும் கொண்டுவந்து வைத்தார். கோஸும் காளானும் வைத்த கொழுக்கட்டை. "அப்பா செஞ்ச மாதிரிதான். இத நீங்க சாப்பிடவே இல்லையே" என்றார். தலையைக் குனிந்துகொண்டு எட்டு சாப்பிட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலேயே எழுந்தேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில், "ஐ வில் கம்" என்றேன். அவருக்குப் பின்னால் சுவரில் அந்த அம்மா மடிப்போடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டுமாரோ?" என்றார் லீட், சிரித்துக்கொண்டே.