எஸ்தரின் கோணல் மூக்கு

குடித்து எறிந்த இளநீர்க் காய்க்கு மழையில் ஒரு வாசனை வரும். புளிப்பும் சேறும் கலந்த அந்த வாசனை உள்ளங்கையில் ஏறிவிட்டால் சோப்புக்கும் போகாது. கல்கத்தாவில் இளநீரை "டாப்" என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில், பாலிகஞ்சில் எங்கள் வீட்டையடுத்த காலி மனையில், எனக்கும் கீழ்வீட்டு எஸ்தருக்கும் அதுதான் ரக்பி பந்து.

எஸ்தரின் அப்பா திருநெல்வேலிக்காரர், கப்பல் கம்பெனியில் வேலை. மழைக்கால ஞாயிறுகளில் ரக்பி ஆடிவிட்டுச் சேறும் சிரிப்புமாக வீடு திரும்புவார். அவரைப் பார்த்து நாங்களும் ஆடினோம். எஸ்தரைவிட நான் வேகம். பெருமைக்குச் சொல்லவில்லை, இல்லை, பெருமைக்குத்தான் சொல்கிறேன். என் பாவாடை நுனியைத்தான் அவளால் பிடிக்க முடியும்.

ஓர் ஆடி மாதம் அவள் பாய்ந்து என் காலைக் கட்டிக்கொண்டதில் குப்புற விழுந்தேன். மூக்கில் ரத்தம் கொட்டியது. ஆடி கழிந்ததும் எனக்கு மூக்குக் குத்துவதாக இருந்தது. அம்மா அலறினாள்.

"மூக்கு கோணிப்போச்சுன்னா மூக்குத்தி எங்கடி போடறது? பொண் பார்க்க வரவா மூஞ்சியைப் பார்ப்பாளா, நீ ஓடறதைப் பார்ப்பாளா?"

அன்றோடு என் ஆட்டம் முடிந்தது. புது மூக்குத்தி உறுத்த, எஸ்தர் தனியாக ஓடுவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்து வயிறெரிந்தேன்.

பிறகு அவர்கள் இங்கிலாந்துக்குக் குடிபோனார்கள். எண்பதுகளில், நான் கல்கத்தாவிலேயே, சால்ட் லேக் வீட்டில் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், தபாலில் அவள் போட்டோ வந்தது. அந்த நாட்டுப் பெண்கள் ரக்பி அணியின் சட்டை, சேறு அப்பிய முகம், கையில் நிஜப் பந்து. "ஃபிரேம் போட்டு மாட்டலாமே" என்றார் என் கணவர். நான் அதைப் பீரோவில் புடவைகளுக்கு அடியில் தள்ளினேன்.

போன துர்கா பூஜைக்கு எஸ்தர் வந்திருந்தாள். பழைய இடத்தைப் பார்க்கப் போனோம். காலி மனை அடுக்குமாடியாகிவிட்டது. அந்நாளில் டாப் விற்பவர் உட்கார்ந்திருந்த மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. அங்கே எதிரே அமர்ந்தபோதுதான் அவள் மூக்கை நன்றாகப் பார்த்தேன். ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பிரான்ஸ்காரி ஒருத்தியின் முழங்கை பட்டு உடைந்ததாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ என்னைவிட வேகமா ஓடுவல்லா. நீ மட்டும் ஆட வந்திருந்தா என்னைய டீம்ல எங்கட்டி சேத்திருக்கப் போறாங்க?"

அதை அவள் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். அம்மா காப்பாற்றிக் கொடுத்த மூக்கு, வைர மூக்குத்தியோடு, நேராக இருந்தது. அழகான மூக்கு என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கோணல் மூக்குதான் வேண்டும்.